மைசூர்ச் சந்தில் எங்கள் ஜீப்

மைசூருக்குப் போகிறவர்கள் அரண்மனை பார்ப்பார்கள், மிருகக்காட்சிசாலை பார்ப்பார்கள், திரும்பும்போது மைசூர்பாகு வாங்குவார்கள். தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஐப்பசி மாதத்தில் நான் போனது ஒரு கிழட்டு ஜீப்பின் வயிற்றைத் திறந்து பார்ப்பதற்கு. அரண்மனையை வெளியில் நின்றுகூடப் பார்க்கவில்லை. அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஜீப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் நர்சு. ஹனூரைத் தாண்டி மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையோரத்தில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி. டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் குட்டி ராஜ்யம் என்னுடையது. ராணுவத்தில் கழித்து ஏலம் விட்ட பெட்ரோல் ஜீப் ஒன்று எங்களிடம் உண்டு. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பி இருக்கும். அதைப் போட்டால் முன்சக்கரங்களும் சேர்ந்து மண்ணைப் பிறாண்டிக்கொண்டு ஏறும். மலைமேல் இருக்கும் மேல்தொட்டி என்கிற சிற்றூருக்கு, மழை பெய்து பாதை சேறான பிறகு, இது ஒன்றுதான் ஏறும். மேல்தொட்டியில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தால், ஜீப் இல்லையென்றால் அவள் கால்தான் அவளுக்கு வண்டி.

அப்பேர்ப்பட்ட வண்டிக்கு ஒரு பிறவி நோய். இந்த எஞ்சின் வைத்த எல்லா வண்டிக்கும் உள்ளதுதான் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். மேட்டில் கொதிக்கும், கடைசியில் இருக்கும் நாலாவது சிலிண்டருக்குத் தண்ணீர் சரியாகப் போய்ச் சேராது, அதன் மேல்மூடியான ஹெட் சூட்டில் விரிசல் விடும். அந்த வருஷம் நோய் முற்றிவிட்டது. கொள்ளேகாலில் இருக்கும் எங்கள் டிரஸ்டு செக்ரட்டரி கறாராகச் சொல்லிவிட்டார். “இதுதாம்மா கடைசி ரிப்பேர். மைசூர்ல திறந்து பாக்கட்டும். அடியில இருக்கற பிளாக் நல்லா இருந்தா சரி பண்ணுங்க. பிளாக்கே விட்டிருந்தா அங்கேயே காயலான் கடைக்குப் போட்டுட்டு நீங்க பஸ்ஸுல வந்துடுங்க.” வண்டி போனால் வேறு வண்டி கிடையாது. அதையும் ஒளிக்காமல் சொன்னார்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஓட்டுபவர் மாதேசன். ஹனூர்க்காரர், முப்பத்தைந்து வயது, வாய் அளவாகப் பேசும், கை அளவில்லாமல் வேலை செய்யும். ஹனூரிலிருந்து கொள்ளேகால் இருபத்தைந்து கிலோமீட்டர். அதற்குள் இரண்டு தடவை நின்றாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் மாதேசன் இறங்கி, சாக்கால் ரேடியேட்டர் மூடியைப் பிடித்துத் திறந்து, புஸ்ஸென்று வரும் ஆவிக்கு முகத்தைத் திருப்பி, தண்ணீர் ஊற்றினார். இரண்டாம் தடவை சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து அதையும் உள்ளே கொட்டினார். மஞ்சள் தூள்.

“என்ன மாதேசா, வண்டிக்கு ரசம் வைக்கிறியா?” என்றேன்.

“இல்லீங் நர்சம்மா. ரேடியேட்டர்ல பொடி ஓட்டைங். மஞ்சத்தூள் போட்டா ஊறி அடைச்சுக்குங். லாரிக்காரங்க எல்லாம் போடறதுதானுங்.”

வெட்டுக்காயத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு என்னிடம் வருகிறவர்களைத் திட்டித் திட்டி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். வண்டி விஷயத்தில் எனக்கென்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

கொள்ளேகாலில் பட்டுச்சேலை மூட்டைகளோடு பஸ்ஸுக்கு நிற்பவர்களைக் கடந்து, மூகூர் வழியாக திருமகூடல் நரசீபுரம் வந்தோம். அங்கே கபிலை காவிரியோடு சேர்கிறது. பாலத்தருகே வண்டி மறுபடியும் மூச்சுவிட, மாதேசன் குடத்தோடு படியிறங்கினார். புண்ணிய தீர்த்தம் நேரே ரேடியேட்டருக்குள் போயிற்று. “இப்பவாவது பாவம் தீரட்டும்” என்றேன். யாருடைய பாவம் என்று மாதேசன் கேட்கவில்லை. அங்கிருந்து மைசூர் முப்பது கிலோமீட்டர்தான். பன்னிரண்டு மணிக்கு, வேர்த்து விறுவிறுத்து, அக்ரஹாரத்துக்குப் பின்புறம் உள்ள ஒரு சந்துக்குள் நுழைந்தோம்.

நான் திண்டுக்கல்காரி. ஒர்க்‌ஷாப் பார்க்காதவள் அல்ல. எங்கள் ஊரில் ஒருவன் கடையில் வண்டியை விட்டால் பக்கத்துக் கடைக்காரன் திரும்பிப் பார்க்கமாட்டான், பார்த்தால் சண்டை. இந்தச் சந்து வேறு மாதிரி. இருபுறமும் தகரக் கொட்டகைகள். பழைய ஜீப்புகள் மூக்கு இல்லாமல், கதவு இல்லாமல், சில எஞ்சினே இல்லாமல் வரிசையாக நின்றன. ஒரு கொட்டகையில் கோயில் மணி அளவுக்கு ஒரு கியர்ப்பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வண்டி உள்ளே வந்ததும், யாரும் கூப்பிடாமலே நாலு கொட்டகையிலிருந்தும் ஆள் வந்து சுற்றி நின்றார்கள். எனக்கு ஆஸ்பத்திரியில் புதுக்குழந்தையைப் பார்க்க வரும் கூட்டம்தான் ஞாபகம் வந்தது.

லூர்து என்கிற லூர்துசாமிதான் நாங்கள் தேடிவந்த மெக்கானிக். நான் கிரீஸ் பூசிய ஒரு ஆளை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், சென்ட் வாசனையோடு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார். கோலார் தங்க வயலில் பிறந்து மைசூரில் வளர்ந்தவராம். தமிழும் கன்னடமும் அவர் வாயில் ஒரே இலையில் பரிமாறின சாப்பாடு. கன்னடத்தில் ‘பன்னி’ என்றால் ‘வாங்க’ என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தது நல்லதாயிற்று.

“பன்னி மேடம், பன்னி! உள்ள வாங்க. சத்தம் கேட்டுச்சு. நாலாவது அழுவுது, இல்லா? பர்வாயில்லா. முதல்ல காபி.”

“வண்டியைப் பாருங்களேன்” என்றேன்.

“சூடா இருக்கற எஞ்சினைத் தொட்டா அதுக்குக் கோவம் வரும். எனக்கும் வரும். காபி குடிங்க.”

எஞ்சின் ஆறும்வரை அந்தச் சந்தில் ஒரு வழக்கம் நடந்தது. வண்டி ஓட்டுபவரை நடுவில் உட்காரவைத்து, என்னென்ன செய்தாய் என்று எல்லோரும் கேட்டார்கள். எந்த மேட்டில் கொதித்தது, என்ன எண்ணெய் ஊற்றினாய், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் கேஸ்கெட்டைப் போன தடவை யார் போட்டது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் திட்டவில்லை. நடுநடுவே அவர்களுக்குள்தான் அடித்துக்கொண்டார்கள். ஒருவர், பெட்ரோல் எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு டீசல் எஞ்சின் வை என்றார். “எருமைத் தலையை மாட்டுக்கு ஒட்டவா?” என்று லூர்து பாய்ந்தார். நோயாளியை இப்படி உட்காரவைத்துக் கேட்கிற டாக்டரை நான் என் சர்வீஸில் அதிகம் பார்த்ததில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் மெக்கானிக் இல்லை. சம்பத் ஐயங்கார். வங்கியில் வேலை, அக்ரஹாரத்தில் வீடு, நெற்றியில் பளிச்சென்று திருமண். எங்கள் ஜீப்புக்கு உடன்பிறப்பு மாதிரி அச்சாக அதே எஞ்சின் வைத்த ஒரு ஜீப் அவரிடமும் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு நடை வந்து அதைத் துடைத்துவிட்டுப் போவாராம். மாதம் ஒருமுறை மேல்கோட்டைக்குப் பெருமாள் சேவிக்கப் போவதைத் தவிர அது எங்கும் போனதில்லை. “சம்பத் சார் வண்டி சேறு பாத்ததே இல்லை. நாலு சக்கரமும் இழுக்கும், ஆனா எதுக்குன்னு அதுக்கே தெரியாது” என்று லூர்து கிண்டலடித்தார். “உனக்கென்னடா தெரியும்? அதுக்கு என் மனசு தெரியும்” என்றார் அவர், துளியும் கோபமில்லாமல்.

சாயங்காலம் ஹெட்டைக் கழற்றித் தூக்கினார்கள். எல்லாத் தலைகளும் உள்ளே குனிந்தன. நானும் எட்டிப் பார்த்தேன்.

எஞ்சினுக்குள் தண்ணீர் ஓடவேண்டிய பள்ளங்களில் எல்லாம் மஞ்சள். சாதாரண மஞ்சள் இல்லை. இறுகி, வெந்து, அடைபிடித்து, அடுப்பில் மறந்துபோன கூழ் மாதிரி கெட்டிப்பட்ட மஞ்சள். அதுவும் நாலாவது சிலிண்டரைச் சுற்றிச் சிமெண்டு பூசியதுபோல இருந்தது. லூர்து ஒரு ஸ்குரூடிரைவரால் ஒரு கட்டியைப் பெயர்த்து, மூக்கருகே கொண்டுபோய், என்னைப் பார்த்தார்.

“மேடம், இது எஞ்சினா, குழம்புச் சட்டியா?”

சந்தே வெடித்துச் சிரித்தது. மாதேசன் முகம் செத்துப்போயிற்று.

“மேல்தொட்டிப் பொம்பளைங்க குடுத்ததுங் நர்சம்மா” என்றார். “ஒவ்வொரு பிரசவத்துக்கும் காசு வேண்டாம்னு சொல்றோமில்லீங்? அதனால அவங்க காட்டு மஞ்சளை இடிச்சு வண்டிக்குன்னு குடுப்பாங்க. ஓட்டை அடைக்கட்டும்னு நானும் போட்டேன். அடைச்சுதுங்களே!”

“அடைச்சுது, மாராயா” என்றார் லூர்து. “எதையும் பாக்கி விடாம அடைச்சுது.”

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே மனசு கணக்குப் போட்டது. எத்தனை பிரசவம், எத்தனை பொட்டலம்! நன்றி சொல்லிச் சொல்லியே அந்தப் பெண்கள் எங்கள் வண்டியின் கழுத்தை நெரித்திருக்கிறார்கள். ஆனால் லூர்து சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னது வேறு. பிறவி நோயைவிட இந்த அடைப்புதான் சூட்டுக்குக் காரணம். ஆனால் இத்தனை நாள் தண்ணீரில்லாமல் வெந்த பிளாக் விரிசல் விடாமல் இருந்தால் அது அந்தோணியார் செய்த அற்புதம். கழுவிப் பார்த்தால்தான் தெரியும்.

அன்றிரவு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் நூற்றிருபது ரூபாய்க்கு அறை எடுத்தேன். மாதேசன் வண்டியை விட்டு வரமாட்டேன் என்று சந்திலேயே படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் போனபோது, சலவை சோடா கரைத்த வெந்நீரை அண்டா அண்டாவாக எஞ்சினுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கொட்டகைக்காரர்கள்தான் வெந்நீர் வைத்துத் தந்தார்கள். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆரத்தி கரைத்த எவளுக்கும் தெரியும், சோடாவும் அதையே செய்தது. ரத்தச் சிவப்பாகத் தண்ணீர் கொட்டி, சாக்கடை நிறைந்து, சந்து முனைவரை ஓடியது. காய்கறிக் கூடையோடு வந்த ஒரு அம்மாள், “அய்யய்யோ, யாரன்னோ கொந்துபிட்ரு!” என்று அலறினாள். யாரையோ கொன்றுவிட்டார்கள் என்று அவள் பயந்துபோனாள். “கொலை இல்லம்மா, வண்டிக்கு ஆரத்தி” என்று நான் தமிழிலேயே கத்தினேன். கம்பி விட்டுக் குடைந்து, மறுபடி ஊற்றி, மறுபடி குடைந்து, தண்ணீர் தெளிவாக வர மத்தியானம் ஆகிவிட்டது.

பிறகு அந்தச் சோதனை. பிளாக்கைக் காயவைத்து, மண்ணெண்ணெய் தடவி, ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்தார்கள். அதன்மேல் சாக்பீஸ் பொடியைத் தூவினார் லூர்து. விரிசல் இருந்தால் உள்ளே இறங்கின மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பொடியில் ஈரக்கோடாகத் தெரியும். ஹெட்டுக்கும் அதேபோல் செய்து பக்கத்தில் வைத்தார். எல்லோரும் காத்திருந்தோம். மாதேசன் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். நான் மேல்தொட்டியில் யாருக்கெல்லாம் மாதம் ஆகியிருக்கிறது என்று மனசுக்குள் எண்ணினேன். அந்தப் பெயர்கள் எல்லாம் அந்த வெள்ளைப் பொடியைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, வெட்கப்படாமல் சொல்கிறேன்.

முதலில் ஹெட்டில் கோடு வந்தது. நாலாவது சிலிண்டருக்கு நேராக, தலைமயிர் கனத்தில். “போச்சு” என்றேன்.

“இருங்க மேடம். மூடி போனா வேற மூடி. சட்டி போனாத்தான் அழணும்” என்றார் லூர்து. பிளாக்கின் மேல் குனிந்து, டார்ச் அடித்து, மூச்சுக்காற்று படாமல் பார்த்தார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். நிமிர்ந்து சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். மாதேசன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சரி, ஹெட்டுக்கு எங்கே போவது? அந்தக் கவலை உடனே வந்து உட்கார்ந்தது. பட்ட காலிலே படும் என்பார்களே, அதுதான். பெங்களூரில் சொல்லி வைத்தால் இரண்டு வாரமோ மூன்று வாரமோ ஆகலாம், வராமலும் போகலாம். மழை அதற்குள் மேல்தொட்டிப் பாதையைக் களிமண்ணாக்கிவிடும். சந்தில் இருந்தவர்கள் இன்னாரிடம் இருக்கிறதா, அன்னாரிடம் இருக்கிறதா என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். அப்போது வங்கி விட்டு வந்து நின்ற சம்பத் ஐயங்கார் தொண்டையைச் செருமினார்.

“எங்காத்துல ஒண்ணு இருக்கு. புதுசு. என் வண்டிக்குன்னு எப்பவோ வாங்கி, எண்ணெய்த் துணி சுத்தி அலமாரியில வெச்சிருக்கேன்.”

லூர்துவே திகைத்துப்போனார். “சார், உங்க வண்டிக்கும் இதே வியாதிதானே? நாளைக்கு உங்க ஹெட் போச்சுன்னா?”

“போகட்டுமே.”

“மேல்கோட்டைக்கு எதுல போவீங்க?”

சம்பத் ஐயங்கார் என் பக்கம் திரும்பினார். “பெருமாள் எத்தனை நாள் வேணாலும் காத்துண்டிருப்பர், அம்மா. பிரசவ வலி காத்துண்டிருக்குமோ? எடுத்துண்டு வரேன். ஆனா ஒண்ணு. சாமுண்டி மலை ஏத்திப் பார்க்கறச்சே என்னையும் அழைச்சுண்டு போகணும்.”

நான் பட்டென்று அழுதுவிட்டேன். எனக்கு அப்படிச் சுலபமாக அழுகை வராது. அத்தனை ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். லூர்து வேறு பக்கம் பார்த்து, ஸ்பானர் எங்கே என்று சத்தம் போட்டார்.

ராத்திரியோடு ராத்திரியாகப் புது ஹெட்டைப் பூட்டி, ரேடியேட்டர் ஓட்டைகளையும் ஈயம் வைத்து அடைத்தார்கள். சாமுண்டி மலை ஏற்றிப் பார்ப்பது அந்தச் சந்தின் சட்டம். சரிசெய்த எந்த ஜீப்பையும் அங்கே சும்மா கையில் கொடுக்கமாட்டார்கள். உச்சி வெயிலில், ஆள் பாரத்தோடு, மலை ஏறிக் கொதிக்காமல் இருந்தால்தான் சாவி. பாரத்துக்கு மூட்டை தேடுவதில்லை, சந்தே ஏறிக்கொள்ளும். சனிக்கிழமை மத்தியானம் முன்சீட்டில் நான், பின்னால் லூர்து, சம்பத் ஐயங்கார், அவர்களோடு வெந்நீர் வைத்துத் தந்தவர்கள், டீசல் எஞ்சின் வைக்கச் சொன்னவர், எல்லோரும். ஒரு கல்யாண வேன் போலத்தான் கிளம்பினோம்.

மலைப்பாதை தொடங்கியதும் எல்லோர் கண்ணும் சூடு காட்டும் முள்ளின்மேல். அது ஏறியது. பாதியைத் தொட்டது. வளைவுக்கு வளைவு எஞ்சின் முனகியது. கீழே மைசூர் முழுவதும், அரண்மனைக் கோபுரம் உட்பட, வெயிலில் விரிந்து கிடந்ததாம். பின்னால் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். நான் முள்ளைத் தவிர எதையும் பார்க்கவில்லை. பாதியைத் தாண்டி ஒரு நெல்மணி தூரம் நகர்ந்தது முள். மாதேசன் அனிச்சையாகக் காலைத் தளர்த்தினார்.

“விடாதே! மிதி!” என்று பின்னாலிருந்து லூர்து கத்தினார். “மேல்தொட்டியில பிரசவம்னு நெனச்சு மிதி!”

மாதேசன் மிதித்தார். சம்பத் ஐயங்காரின் வாய் பாசுரம் முணுமுணுத்தது. முள் அங்கேயே நின்றது. பெரிய நந்தி சிலைக்குப் பிரியும் திருப்பம் வந்தது, போனது, முள் நகரவில்லை. உச்சிக்குப் போய் நின்றபோது லூர்து குதித்து இறங்கி, வண்டியின் முன்மூடியைத் தூக்கி, ரேடியேட்டரின் தலையில் வெறும் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. அப்படியே திரும்பி எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். அப்புறம் மாதேசனைக் கிட்டே கூப்பிட்டார்.

“தண்ணி. வெறும் தண்ணி. மஞ்சள் சாம்பாருக்கு, கேட்டியா?”

“சரிங்ணா” என்றார் மாதேசன், பரீட்சையில் பாஸான முகத்தோடு.

அன்றைக்கே கிளம்பிவிட்டோம். சந்து முனைவரை வந்து வழியனுப்பினார்கள். என் ஊரில் நான் பார்த்த ஒர்க்‌ஷாப்களில் வண்டிக்குச் சொந்தக்காரன் ஒருவன், கெட்டிக்காரன் ஒருவன், வேடிக்கை பார்ப்பவன் ஒருவன். இந்தச் சந்தில் ஒரு பழைய எஞ்சின் உள்ளே வந்தால் அது சந்துக்கே உறவாகிவிடுகிறது. குறை உள்ள வண்டி என்று தெரிந்தேதான் அத்தனை பேரும் வைத்திருக்கிறார்கள். தெரிந்தேதான் ஒருவருக்கொருவர் கைகொடுக்கிறார்கள். ஊர் சுற்றிப் பார்த்தவர்கள் மைசூரை அழகு என்பார்கள். எனக்கு அது நல்ல மனசுள்ள ஊர்.

கொள்ளேகாலில் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வந்து சேர வெயில் இறங்கிவிட்டது. வாசலில் ஒரு பெண் மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். மேல்தொட்டி நாகி. நிறைமாதத்தை நெருங்குகிறவள், என் கணக்குப்படி இன்னும் மூன்று வாரம் இருந்தது.

“அடிப் பாவி! இந்த வயித்தோட நடந்தா வந்தே? வலி எடுத்துச்சா?” என்று பாய்ந்தேன்.

“இல்லீங் நர்சம்மா. வண்டி காயலான் கடைக்குப் போயிருச்சு, இனி வராதுன்னு பேசிக்கிட்டாங்க. அதான், கால் நடக்கறப்பவே எறங்கி வந்துட்டேனுங். பொறக்கற வரைக்கும் இங்கயே மூலையில கெடந்துக்கறேன்னு.”

அவளுக்கு வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். அவர்களை விட்டுவிட்டு, அந்தக் கல்லும் சேறும் வழியாக, தனியாக இறங்கி வந்திருக்கிறாள். திட்டினேன், கஞ்சி கொடுத்தேன், வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், குழந்தையின் துடிப்பைக் கேட்டேன். எல்லாம் நன்றாக இருந்தது. அவள் கண் மட்டும் வெளியே நிற்கும் ஜீப்பின் மேலேயே இருந்தது.

“வண்டி நல்லாயிருச்சுங்ளா?”

“நல்லாயிடுச்சு.”

“அப்ப என்னைய வூட்டுல உட்ருங்கோ. புள்ளைங்க தேடும். வலி வந்தா சொல்லி அனுப்பறேன்.”

நர்சு என்கிற முறையில் நான் வேண்டாம் என்றிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. மாதேசன் அதற்குள் அவள் மூட்டையைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டார். நானும் ஏறிக்கொண்டேன்.

மேல்தொட்டி ஏற்றத்தின் அடியில் மாதேசன் இரண்டாவது கம்பியைப் போட்டார். நாலு சக்கரமும் சேற்றைக் கவ்வின. வழக்கமாக அந்த மேட்டில் வண்டியில் இருக்கும் எல்லோரும், நான் உட்பட, கம்பியைப் பிடித்துக்கொண்டு சாமியைக் கூப்பிடுவோம். நான் அன்றும் கூப்பிட்டேன். பாதி மேட்டில் நாகி பயந்திருப்பாளோ என்று திரும்பிப் பார்த்தேன். அவள் மூட்டையில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள்.